ரேணுகாவின் வியாழக்கிழமைகள்

எங்கள் ஆஸ்பத்திரிப் பிரிவுக்கு ஆண்டு மலர் என்று ஒரு புத்தகம் போடுகிறார்களாம். டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், நர்ஸம்மா எழுதிக் கொடுத்துவிட்டார்கள், மிச்சம் இருப்பது நீங்கள்தான் ஆயா என்று கவிதா பழங்காநத்தத்தில் என் வீட்டைத் தேடிப் பிடித்து வந்துவிட்டாள். பெற்றோரிடம் கேள்வி கேட்டு எழுதுகிற வேலை அவளுக்கு. நான் ஓய்வு பெற்ற மாதம்தான் அவள் சேர்ந்தாள்.

"நான் மூணாப்போட நின்னவத்தா. எழுதத் தெரிஞ்சா எதுக்கு ஆயா வேல பாத்தேன்? டாக்டராவுல ஆகியிருப்பேன்" என்றேன்.

"நீங்க சொல்லுங்க ஆயா, நான் எழுதுறேன்."

"சொன்னபடியே எழுதுவியா?"

"கொஞ்சம் திருத்தி எழுதுவேன்."

ஆகவே இதில் நல்ல தமிழ் வருகிற இடமெல்லாம் கவிதாவுடையது. வாய்க்கொழுப்பு வருகிற இடமெல்லாம் என்னுடையது.

அவள் கையில் ஒரு புதுப் படிவம் இருந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காம். ஒரு பிள்ளையின் நடத்தை கெடுவதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று வரிசையாகக் கட்டம் போட்டிருந்தது. குறைமாதத்தில் பிறந்ததா, வலிப்பு வந்ததா, அப்பா குடிப்பாரா, வீட்டில் அடியா, அடிக்கடி பள்ளிக்கூடம் மாற்றினார்களா. இருந்தால் டிக் அடிக்க வேண்டும்.

"பதினாறு வருஷம் பாத்தீங்களே ஆயா, இதுல எது முக்கியமான காரணம்?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை மேலிருந்து கீழே பார்த்தேன். தலைகீழாகத் திருப்பியும் ஒரு தரம் பார்த்தேன். "தெரியலத்தா" என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். அன்றைக்கு நான் விளையாட்டில்லாமல் சொன்னது அது ஒன்றுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்ததும் திருவாதவூரில் இருந்த கொஞ்ச நிலத்தைக் கொழுந்தனிடம் விட்டுவிட்டு மூன்று பிள்ளைகளோடு மதுரைக்கு வந்தேன். தெரிந்தவர் ஒருவர் இந்தத் தர்ம ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். மனசு சரியில்லாதவர்களைப் பார்க்கிற பிரிவு. திங்கள் முதல் புதன் வரை பெரியவர்கள், வெள்ளிக்கிழமை மாதாமாதம் ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர்கள். வியாழக்கிழமை மட்டும் பிள்ளைகள். வாட்ச்மேனில் இருந்து டீக்கடைக்காரர் வரை எல்லாரும் வியாழக்கிழமையை 'சேட்டை வார்டு' என்பார்கள்.

எனக்குப் பயிற்சி கொடுத்தது ஒரே ஒரு காலை நேரம். "பிள்ளைய அடிக்காத. கதவ வெளிய பூட்டாத. அவுக என்ன சொன்னாலும் வெளிய போய்ச் சொல்லாத" என்று நர்ஸம்மா மூன்று விரலை நீட்டிச் சொன்னார். அவ்வளவுதான் படிப்பு. டாக்டரம்மா மேஜையில் ஒரு மணி இருக்கும், அது அடித்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. மதுரைக்கு வந்த புதிதில் கொஞ்ச நாள் நான் வேலை பார்த்த மில் ஆபீசில் மணி அடித்தால் டீ.

ஆகவே முதல் வியாழக்கிழமை டாக்டரம்மா மணி அடிக்க, நான் டீயோடு போனேன். வாங்கி வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் திரும்ப அடித்தார், திரும்ப டீ. மதியத்துக்குள் பதினோரு டீ. வெளியே பிள்ளைகள் பெஞ்சில் ஏறிக் குதிக்கிறார்கள், உள்ளே டாக்டரம்மா மேஜை நிறைய கிளாஸ். பதினோராவதைக் கொண்டுபோய் வைத்தபோதுதான் கேட்டார்.

"பேச்சியம்மா, மணி அடிச்சா நீங்க என்ன செய்வீங்க?"

"டீ கொண்டாருவேம்மா."

"எப்போ இருந்து?"

"மில்லுல இருந்தப்பருந்து."

"சரி. இங்க அடிச்சா அடுத்த பிள்ளைய அனுப்புங்க" என்றார். சிரிக்கவும் இல்லை, வையவும் இல்லை. ஆறிப்போன டீயில் ஒன்றை எடுத்துக் குடித்தார்.

அவர் முறை அதுதான். 'ஏன்' என்கிற சொல்லே அவர் வாயில் வராது. "ஏன்னு கேட்டா எல்லாரும் கதை சொல்லுவாங்க. எப்போ, எங்க, யார் முன்னாலன்னு கேட்டா நடந்ததச் சொல்லுவாங்க" என்று எங்களுக்கு விளக்கினார். ஒரு தாய் வந்து, "இவன் ஏன்தான் இப்படிக் கடிக்கிறானோ" என்று அழுதால், "கடைசியா எப்போ கடிச்சான்? எந்த இடத்துல? அப்போ வீட்டுல யார் யார் இருந்தீங்க?" என்று கேட்பார். அந்தத் தாய்க்கு அழுகை நின்றுவிடும், யோசிக்க ஆரம்பித்துவிடும். டாக்டரம்மா கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுவார். பிள்ளையின் கண் உயரத்துக்கு வந்தபிறகுதான் பிள்ளையிடம் பேச்சு.

அதன்பிறகு ஒரு பட்டியல். பிறந்தபோது எடை என்ன, உடனே அழுததா, தலையில் அடிபட்டதா, அப்பா குடிப்பாரா, அம்மா தூங்குகிறாரா, வீட்டில் சாவு நடந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறிப்பார். கதவுப் பக்கம் நின்று கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். ஒருநாள் சும்மா இருக்காமல் அதை என் சின்ன மகனுக்குப் போட்டுப் பார்த்தேன். எடை குறைவு, ஆமாம். மாட்டுவண்டியில் இருந்து தலைகுப்புற விழுந்தான், ஆமாம். அப்பா குடித்தார், ஐயோ ஆமாம். ஊர் மாறினோம், சாவு விழுந்தது, எல்லாம் ஆமாம். அந்தப் பட்டியல்படி அவன் இந்நேரம் ஜெயிலில் இருக்க வேண்டும். அவனோ எறும்பை மிதித்தால் முகம் வாடுகிறவன், இப்போது பஸ் கண்டக்டர், சில்லறை இல்லை என்று யாரையும் ஒரு வார்த்தை வைய மாட்டான்.

இன்னொரு பக்கம், ஒத்தக்கடையில் புது வீடு கட்டி வந்த ஒரு காலேஜ் வாத்தியாரின் மகன் வந்தான். பன்னிரண்டு வயது. பட்டியலில் ஒன்றுகூட ஆமாம் இல்லை. நல்ல தகப்பன், நல்ல தாய், அடி இல்லை, குடி இல்லை. அவனோ கிடைத்த கண்ணாடியை எல்லாம் உடைத்தான். டாக்டரம்மா ஐந்து மாதம் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக உடைப்பதை நிறுத்தினான். என்ன காரணம் என்று அவன் தகப்பன் கேட்டபோது, ஃபைலைத் திருப்பிக் காட்டினார். 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தார். இவ்வளவு படித்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதும், அதை அவரே கைப்பட எழுதலாம் என்பதும் எனக்குப் புதிது. அன்றைக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

என் வேலை மூன்று. சீட்டில் பேர் எழுதுவது முதலாவது. மூணாப்புப் படிப்பு அதற்குப் போதும். மணி அடித்தால் ஆளை அனுப்புவது இரண்டாவது. மூன்றாவதுதான் முக்கியம். பெற்றோர் உள்ளே பேசுகிற அரைமணி நேரம் பிள்ளை வராந்தாவில் என்னோடு இருக்கும். அது எத்தனை தரம் அடித்தது, எத்தனை கெட்ட வார்த்தை, எத்தனை தரம் ஓடப் பார்த்தது என்று கவனித்து டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும். நோட்டுக் கொடுத்தார். நான் ஒரு எழுத்து எழுதுவதற்குள் பிள்ளை வாசலைத் தாண்டிவிடும். அதனால் சுருக்குப்பையில் விதைகளை வைத்துக்கொண்டேன். அடித்தால் புளியங்கொட்டை, கெட்ட வார்த்தைக்கு வேப்பங்கொட்டை, ஓடினால் ஒரு சட்டைப் பட்டன். எடுத்து மடியில் போட்டுக்கொள்வேன். முடிவில் மடியை அப்படியே மேஜையில் கொட்டுவேன். ஒருநாள் நாலு புளியங்கொட்டையைக் கொட்டி, "அஞ்சும்மா" என்றேன். "நாலுதானே இருக்கு?" "ஒன்ன அவனே முழுங்கிட்டாம்மா."

இந்த வேலையில் எனக்கு ஒரு குறை உண்டு. பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குச் சும்மா இருக்க வராது. மூக்கைச் சுளிப்பேன், டாக்டரம்மா மாதிரி நடந்து காட்டுவேன், பதினோரு டீக் கதையைச் சொல்வேன். அடிக்க வந்த பிள்ளை அடிக்க மறந்துவிடும். மடி காலியாக இருக்கும்.

"பேச்சியம்மா, பாக்கச் சொன்னேன். சிரிப்புக் காட்டச் சொல்லல" என்றார் டாக்டரம்மா.

"பாத்துக்கிட்டேதாம்மா சிரிப்புக் காட்டுறேன்."

"நீங்க சிரிப்புக் காட்டுனா நீங்க பாக்குறது அந்தப் பிள்ளைய இல்ல. உங்களப் பாக்குற பிள்ளைய."

அப்போது அது எனக்கு விளங்கவில்லை. ரேணுகா வந்தபிறகு விளங்கியதா என்றால், பாதி.

ரேணுகாவுக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. நெசவுக்கார சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் தறி, அவள் அம்மாவுக்கு மாமனார் மாமியார், கொழுந்தன் குடும்பம் எல்லாம் ஒரே அடுப்பு. முதல் நாள் பாட்டி, தாய், பெண் மூன்று பேரும் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிற பெண்ணைக் கன்னத்தில் அறைந்திருக்கிறாள், டீச்சரின் வருகைப் பதிவேட்டைக் கிழித்திருக்கிறாள். டாக்டரிடம் காட்டி வந்தால்தான் வகுப்பில் உட்கார விடுவோம் என்று தலைமை ஆசிரியை கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார். அதற்கு முந்திய வருஷம் வரை முதல் ராங்க் வாங்கிய பெண்ணாம்.

டாக்டரம்மா பட்டியலைக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பாட்டிதான் பதில் சொன்னார். நல்ல எடை, வலிப்பு இல்லை, மகன் குடிக்க மாட்டான். வீட்டில் சாவு? "அதெல்லாம் ஒன்னும் இல்லைங்க." தாய் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று குறித்தார்.

அடுத்த வாரத்தில் இருந்து பாட்டிக்கு மூட்டுவலி, தாயும் பெண்ணும் மட்டும் வந்தார்கள். பெண்ணை உள்ளே வைத்துப் பேசும்போது தாய் வராந்தாவில் இருப்பார், தாய் உள்ளே போனால் பெண் இருப்பாள். இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துக் காத்திருக்கச் சொல்கிற நேரம்தான் அதிகம். அவர்களுக்குள் வீட்டுப் பாஷையில் பேசிக்கொள்வார்கள். அதில் எனக்குப் புரிந்தது 'ஆயா' என்பது மட்டும். "ஏத்தா, என்னையத்தான் வையிறீங்களா? வையிறதத் தமிழ்ல வையிங்க, நானும் சேந்துக்கிறேன்" என்றேன். தாய் முகத்தில் ஒரு சின்ன அசைவு. விடுவேனா? பதினோரு டீக் கதையை எடுத்தேன். ஏழாவது டீக்கே அந்த அம்மா சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர ஒரு சிரிப்பு. எனக்கோ மேடை ஏறின மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் ஒவ்வொரு வியாழனுக்கும் ஒரு கதை தயார் பண்ணிக்கொண்டு போனேன். சமைக்கும்போதே ஒத்திகை.

ரேணுகா கணக்கில் என் மடி எப்போதும் காலி. ஒரு கொட்டை விழுந்ததில்லை. இரண்டு வாரம் பள்ளிக்கூடத்தில் இருந்தும் புகார் இல்லை. "நல்லது, இனி மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்" என்றார் டாக்டரம்மா. ஐந்தாம் நாள் ரேணுகா வகுப்பு ஜன்னல் கண்ணாடியை உடைத்தாள். கடிதம் வந்தது, திரும்ப வாராவாரம் வந்தார்கள். திரும்ப மூன்று வாரம் தங்கமாக இருந்தாள். "இனி மெதுவா வாங்க" என்றதும், தையல் டீச்சரின் சேலையில் மையைக் கொட்டினாள். இந்தத் தரம் தலைமை ஆசிரியை எழுதியிருந்தது கடைசி எச்சரிக்கை. இன்னும் ஒன்று நடந்தால் டி.சி.

அந்த வீட்டில் டி.சி. என்றால் படிப்பு முடிந்தது என்று அர்த்தம். பெண்ணைத் தறிக்கு நூல் தார் சுற்ற உட்காரவைத்துவிடுவோம் என்று பாட்டி முதல் நாளே சொல்லியிருந்தார்.

"உங்க விதை ஒன்னும் இல்லங்குது, பள்ளிக்கூடக் கடிதம் எல்லாம் இருக்குங்குது. பேச்சியம்மா, எத நம்புறது?" என்றார் டாக்டரம்மா.

"ரெண்டையும் நம்பாதீங்கம்மா. என்னையும் சேத்து."

அடுத்து நான்கு வாரம் அமைதி. அந்த நான்காவது வியாழக்கிழமை, அரைப் பரீட்சை லீவு முடிந்த சமயம், டாக்டரம்மா ரேணுகாவிடம், "நீ ரொம்ப நல்லா இருக்கே. இனி ஆறு வாரம் கழிச்சு ஒரு தடவை வா, அதோட சீட்ட மூடிடலாம்" என்று சொல்லி வெளியே அனுப்பினார். பிறகு தாயும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மருந்துச் சீட்டுக்காகக் காத்திருக்கிற நேரம். நான் அன்றைக்குத் தயார் பண்ணி வைத்திருந்த கதையை எடுத்துவிட்டேன். என் மாமியார் முதல்முதலில் லிப்டில் ஏறிய கதை. தாய் சிரித்தார். பெஞ்சில் இருந்த மற்ற பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரேணுகா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. தன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கிற மாதிரி.

தாய் மருந்து வாங்கப் போனதும் பக்கத்தில் உட்கார்ந்தேன். டாக்டரம்மாவின் கேள்வியே என் வாயில் வந்தது.

"ஏத்தா, நீ சேட்டை பண்றது எப்பப்பன்னு நான் ஒரு கணக்குப் போட்டேன். இனி வர வேணாம்னு சொன்னதுக்கு அப்புறம்தான். அது எப்டித்தா?"

அவள் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "யார்ட்டயும் சொல்லக் கூடாது" என்று கையை நீட்டினாள். நான் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். விளையாட்டுத்தானே என்று.

"தம்பி செத்ததுல இருந்து எங்கம்மா சிரிக்கல ஆயா. இங்க வந்தாத்தான் சிரிக்குது."

"எந்தத் தம்பி?"

"போன வருஷம் பொறந்தான். இருவது நாள்தான் இருந்தான். பேரு வைக்கல. அதனால அவனப் பத்தி வீட்டுல யாரும் பேசக் கூடாது." அம்மா போன பக்கம் பார்த்துக்கொண்டே, "நான் நல்ல பிள்ளையா இருந்தா சீட்ட மூடிருவாங்கள்ல? அம்மாவ வேற எதுக்கும் வெளிய விட மாட்டாங்க. எனக்கு ஒன்னுன்னாத்தான் விடுவாங்க" என்றாள்.

"அதுக்கு?"

"இந்தத் தடவ பெருசா பண்ணப் போறேன். அப்பத்தான் ரொம்ப நாளைக்கு வரச் சொல்லுவாங்க."

"அடி கூறுகெட்டவளே, டி.சி. குடுத்துருவாகடி."

"குடுத்தாலும் ஆஸ்பத்திரிக்கு வரணும்ல?"

பதின்மூன்று வயசுப் பிள்ளை இப்படி ஒரு திட்டம் போட்டால் நான் என்ன செய்திருக்க வேண்டும்? டாக்டரம்மா அறை இருபது அடி தூரம். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை. சத்தியம் பண்ணிவிட்டேனே என்று ஒரு பக்கம். நர்ஸம்மாவின் மூன்றாவது விரல் ஒரு பக்கம், அவர்கள் சொன்னதை வெளியே சொல்லாதே. டாக்டரம்மா 'வெளியே' இல்லை என்பது என் மண்டைக்கு அப்போது ஏறவில்லை. பிள்ளைகள் ஆயிரம் சொல்லும், செய்யவா போகிறது என்று இன்னொரு பக்கம். இதற்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருந்தது. அதைக் கவிதாவிடம் சொல்லவே நாக்கு கூசியது, எழுதட்டும். என் கதையைக் கேட்கத்தான் ஒரு பிள்ளை ஜன்னலை உடைத்துக்கொண்டு வருகிறது என்பது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை ரேணுகா, டீச்சர்கள் அறைக்குள் போய், வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரின் கணக்கு விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டாள். மறுநாள் காலை தாயும் பெண்ணும் டி.சி.யோடு வந்து நின்றார்கள். தாய் என்னைப் பார்த்தார். நான் கதை எதுவும் சொல்லவில்லை. பேர் எழுதினேன், உள்ளே அனுப்பினேன், அவர்கள் வெளியே வந்ததும் மணி அடிக்காமலே நான் உள்ளே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"எப்போ தெரியும்?"

"போன வியாழக்கிழமைம்மா."

"எங்க?"

"இங்கதாம்மா. வெளிய பெஞ்சுல."

"யார் முன்னால?"

"யாரும் இல்லம்மா. நாங்க ரெண்டு பேருந்தான்."

நாலாவது கேள்விக்காக நின்றேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் காலில் விழுந்து அழலாம் என்று இருந்தேன். அவர் கேட்கவில்லை. அந்தப் பழைய பட்டியலை எடுத்து, 'சாவு' என்ற இடத்தில் இருந்த 'இல்லை'யை அடித்துவிட்டு மேலே எழுதினார். "நானும் பாட்டி சொன்னதத்தானே எழுதினேன்" என்றார், என்னிடம் சொன்ன மாதிரியும் இல்லை.

அன்றைக்கே வேலை முடிந்ததும் டாக்டரம்மா அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. தலைமை ஆசிரியை கெட்டவர் இல்லை. உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். "டாக்டர், நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா நாளைக்கு அத்தனை பிள்ளைகளோட அப்பா அம்மாவும் இந்த வாசல்ல நிப்பாங்க. அவங்களுக்கு நான் இதச் சொல்ல முடியுமா?" என்றார். சொல்ல முடியாதுதான். அந்த வீட்டுச் சாவை ஊர் முழுக்கச் சொல்லியா டி.சி.யை ரத்து பண்ணச் சொல்ல முடியும்?

அடுத்த வாரம் தாயை உள்ளே உட்காரவைத்து, "உங்க பேர்ல ஒரு சீட்டுப் போடலாமா? உங்களுக்கும் கொஞ்சம் பாக்கணும்" என்றார் டாக்டரம்மா.

அந்த அம்மா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "என் பேர்லயா? ஐயோ வேண்டாங்க. எனக்கென்ன கிறுக்கா? பிள்ளைக்குன்னாத்தான் விடுவாங்க. எனக்குன்னு தெரிஞ்சா..."

"சரி, பிள்ளை பேர்லயே இருக்கட்டும்" என்றார் டாக்டரம்மா. சீட்டில் 'வாராவாரம் வரவும்' என்று எழுதினார்.

அதன்பிறகு நடந்ததை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? சீட்டில் பேர் ரேணுகா. உள்ளே போய் ஒரு மணி நேரம் பேசுகிறது தாய். வெளியே என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது பெண். அவளுக்கு நோயில்லை, அவள் பேரில்தான் ஃபைல் கொழுத்தது. நடத்தை கெடுவதற்கு ஆபத்தான காரணங்கள் என்று கவிதா பட்டியல் வைத்திருக்கிறாளே, அதில் ஒரு கட்டம் குறைகிறது. 'காத்திருக்கிற இடத்தில் கோமாளி ஆயா உண்டா?' சிரிக்காதே கவிதா, எழுது. நான் அந்தத் தாயைச் சிரிக்கவைக்காமல் இருந்திருந்தால் அந்தப் பெண் முதல் வாரத்தோடு அடங்கியிருப்பாள், அவள் பள்ளிக்கூடம் அவளுக்கு இருந்திருக்கும். சிரிக்கவைக்காமல் இருந்திருந்தால் அந்தத் தாய் என்ன ஆகியிருப்பார்? அதுவும் தெரியாது. எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒரு பக்கம் வைத்தால் இன்னொரு பக்கம் சரிகிறது.

ரேணுகா ஐந்து மாதம் வீட்டில் இருந்து தார் சுற்றினாள். ஒவ்வொரு வியாழனும் விரல் நுனியில் சாயம் ஒட்டியிருக்கும். நான் கதை சொன்னால் மரியாதைக்குச் சிரிப்பாள். சத்தியத்தை மீறினேன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். சத்தியத்தை மீறினதற்குக் கேட்பாளா, ஒரு வாரம் தாமதமாக மீறினதற்குக் கேட்பாளா என்று நான் பயந்துகொண்டே இருந்தேன்.

ஜூன் மாதம் வேறு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. டாக்டரம்மா மூன்று இடத்துக்குக் கடிதம் எழுதினார், ஒன்று பலித்தது. திரும்பவும் எட்டாம் வகுப்பு. பாட்டியிடம் அனுமதி வாங்கியது யார் தெரியுமா? அந்தத் தாய். வீட்டில் முதல்முறையாக வாயைத் திறந்து, பிள்ளை படிக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். மாமியார் மூன்று நாள் சாப்பிடவில்லையாம். இவரும் மூன்று நாள் சாப்பிடவில்லையாம். கடைசியில் மாமனார்தான் ஒரு வழிக்குக் கொண்டுவந்தாராம்.

அந்த ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. வராந்தா நிறையக் கூட்டம், மழைக்கு எல்லாரும் உள்ளே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். வரிசையில் அந்தத் தாய் நின்றார். பக்கத்தில் ரேணுகா இல்லை.

"பிள்ளை எங்கம்மா? திரும்ப ஏதும்...?" என்றேன்.

"இல்ல ஆயா. பள்ளிக்கூடம் போயிருக்கா. டெஸ்ட்டாம். நான் வரல, நீ போன்னு சொல்லிட்டா."

"நீங்க மட்டுமா வந்தீங்க? வீட்ல?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன்." ரேணுகாவின் பழைய சீட்டை நீட்டினார். நீட்டிய கையை விடாமல் பிடித்துக்கொண்டே, "ஆயா, பிள்ளை வராம இந்தச் சீட்டு செல்லுமா?" என்று கேட்டார்.

செல்லாது. பிள்ளை இல்லாமல் பிள்ளைச் சீட்டில் உள்ளே அனுப்பக் கூடாது. பெரியவர்களுக்குத் திங்கட்கிழமை வர வேண்டும், அதுதான் முறை. பதினாறு வருஷத்தில் எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இவரிடமும் சொல்ல வாயைத் திறந்தேன். திங்கட்கிழமை என்றால் நான்கு நாள். போன தரம் நான் ஒரு வாரம் காத்திருந்து என்ன ஆனது என்று எனக்குத் தெரியும்.

மேஜைக்குள் இருந்து புதுச் சீட்டு ஒன்றை எடுத்தேன்.

"இதுல யாரு பேரும்மா எழுத?"

அவர் பின்னால் திரும்பி வரிசையைப் பார்த்தார். தெரிந்த முகம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்த மாதிரி இருந்தது. பிறகு குனிந்து, என் காதுப் பக்கம் சொன்னார்.

"சரோஜா."

பத்து மாதமாக வாராவாரம் பார்த்த மனுஷியின் பேர் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் எல்லாரும் அவரை 'ரேணுகா அம்மா' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் மூணாப்பு எழுத்தில் 'ரோ' எப்போதும் தகராறு பண்ணும். ஒற்றைக் கொம்பா, இரட்டைக் கொம்பா என்று நான் பேனாவை வைத்துக்கொண்டு தடுமாற, பின்னால் ஒரு ஆள், "என்ன ஆயா, ஒரு பேரு எழுத இம்புட்டு நேரமா?" என்று சத்தம் போட்டார்.

"இருங்கண்ணே, எழுதிட்டிருக்கேன்ல" என்றேன்.